டிடிஎஸ் 50, பிஎச் 6.1: ஆர்.ஓ. தண்ணீர் ஏன் அமிலப் பக்கம் சாய்கிறது?

சென்னையின் கடலோரப் புறநகர்களில் போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்து (மெம்பரேன் என்ற நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கி), குடிப்பதற்கென்று தனிக் குழாய் இழுத்துக்கொண்ட அடுக்குமாடிகள் ஏராளம். அங்கெல்லாம் ஒரே மாதிரிப் புகார்தான் வரும். பித்தளைக் குழாயின் வாயில் பச்சை படர்கிறது, காலையில் பிடிக்கும் முதல் டம்ளர் தண்ணீரில் உலோக வாடை அடிக்கிறது. யாராவது ஒருவர் பேனா வடிவ பிஎச் மீட்டர் வாங்கி முக்கிப் பார்க்கிறார், 6.1 காட்டுகிறது (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 கேட்பது 6.5 முதல் 8.5 வரை. கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டரோ லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று நல்ல பேர் கொடுக்கிறது. சர்வீஸ் ஆள் மெம்பரேனை மாற்றுகிறார், பிஎச் அதேதான். டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திருகிவிடுகிறார், கொஞ்சம் ஏறுகிறது. ஏன் ஏறியது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது மணிக்கு 250 லிட்டர் தரும் ஒரு பிளான்ட், நாளுக்கு 4 மணி நேர ஓட்டம், 1000 லிட்டர் குடிநீர். எண்கள் குறிப்பிட்ட ஒரு கிணற்றின் ஆய்வறிக்கை அல்ல. உப்பு ஏறிய கடலோர போர் தண்ணீரில் இருக்கக்கூடிய அளவுகளை, நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் கணக்கில் சமன் ஆகும்படி அடுக்கிய மாதிரி நீர். கணக்குகள் 30 டிகிரி வெப்பத்துக்கு.

மூல நீர், லிட்டருக்கு மில்லிகிராமில்: கால்சியம் 100, மக்னீசியம் 36, சோடியம் 230, குளோரைடு 355, சல்பேட் 96, பைகார்பனேட் 366. கூட்டினால் 1180 சொச்சம். கடினத்தன்மை 400. அல்கலினிட்டி, அதாவது அமிலத்தை விழுங்கிக்கொள்ளும் திறன், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 300. குழாயடியில் அளந்த பிஎச் 7.4.

இந்தப் பட்டியலில் வராத ஒரு பொருள்தான் மொத்தக் கதைக்கும் காரணம்: கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது உப்பு அல்ல, வாயு. டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலை அளக்கும் கருவி, மின்னேற்றம் இல்லாத வாயு அதன் கண்ணில் படுவதே இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு போகிறது. மண்ணுக்குள் அதன் செறிவு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. ஆகவே நிலத்தடி நீரில் இந்த வாயு பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இயற்கை நீரின் பிஎச்சைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பைகார்பனேட்டுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம். பிஎச் = 6.3 + மடக்கை (பைகார்பனேட் ÷ கார்பன் டை ஆக்சைடு). இரண்டையும் மில்லிமோலில், அதாவது எடையில் அல்லாமல் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில், போட வேண்டும். நம் நீரில் பைகார்பனேட் 6.0 மில்லிமோல், பிஎச் 7.4. விகிதம் 12.6 வருகிறது, எனவே வாயு 0.48 மில்லிமோல். எடையில் லிட்டருக்கு 21 மில்லிகிராம்.

மெம்பரேன் எதை நிறுத்துகிறது, எதை விடுகிறது

ஆர்.ஓ. மெம்பரேன் மின்னேற்றம் உள்ளவற்றை நிறுத்தும். இரட்டை மின்னேற்றமுள்ள கால்சியம், மக்னீசியம், சல்பேட் ஆகியவற்றில் 98 சதவீதம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம்; குளோரைடும் பைகார்பனேட்டும் 95 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட முழுதாகத் தாண்டிப் போய்விடும். சின்ன மூலக்கூறு, மின்னேற்றமும் இல்லை, மெம்பரேனுக்கு அதைப் பிடித்து வைக்க வழியில்லை.

அந்தப் பக்கம் வரும் நீரில் பைகார்பனேட் 0.3 மில்லிமோல் (அல்கலினிட்டி 15), வாயு பழைய 0.48. விகிதம் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. பிஎச் 6.1. டிடிஎஸ் மீட்டர் 50. புகாரில் வந்த எண்கள் இரண்டும் இதோ, மெம்பரேனில் ஒரு கோளாறும் இல்லாமலே வந்துவிட்டன. இன்னும் சொல்லப்போனால் மெம்பரேன் நன்றாக வேலை செய்யச் செய்ய பிஎச் இறங்கத்தான் செய்யும். பழைய மெம்பரேனை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட வாரத்தில் பிஎச் குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

ஆக, மெம்பரேன் அமிலம் எதையும் உண்டாக்கவில்லை. அமிலம் முன்பே நீரில் இருந்தது. அதை அடக்கி வைத்திருந்த உப்பு மட்டும் போய்விட்டது.

எல்லா உப்பும் இந்த வேலையைச் செய்யாது

உப்பு குறைந்ததால்தான் அமிலம் என்றால், கொஞ்சம் உப்பைப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். எந்த உப்பு என்பதுதான் கேள்வி. சோதித்துப் பார்க்கவும் எளிது. சுத்தமான சோடியம் குளோரைடு, சமையல் சோடா, படிகாரம் மூன்றிலும் தலா 10 கிராம் எடுத்து, தனித்தனியாக 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். அதில் 10 மில்லி என்பது 100 மில்லிகிராம். மெம்பரேனிலிருந்து அப்போதே பிடித்த நீர் மூன்று பாட்டில், ஒவ்வொன்றும் 1 லிட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு கரைசலில் 10 மில்லி. பாட்டிலைக் குலுக்கக் கூடாது, வாயு ஓடிவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினால் போதும்.

சோடியம் குளோரைடு போட்ட பாட்டிலில் டிடிஎஸ் 50-லிருந்து 155 பக்கம் போகும். பிஎச் 6.1-லேயே நிற்கும். வலுவான அமிலமும் வலுவான காரமும் சேர்ந்து பிறந்த உப்பு அது. நீரின் ஹைட்ரஜன் அயனியோடு அதற்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. சோடியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஜிப்சம் எல்லாம் இதே ரகம். ஜிப்சம் தண்ணீரைக் கடினமாக்கும், ஆனால் அமிலத்தை அடக்காது.

சமையல் சோடா போட்ட பாட்டிலில் பிஎச் 6.8-க்கு ஏறும். பைகார்பனேட் 0.3-லிருந்து 1.49 மில்லிமோல் ஆகிவிட்டது அல்லவா. மீட்டரிலோ டிடிஎஸ் 105-ஐத் தாண்டாது. போட்டது அதே 100 மில்லிகிராம்தான், ஆனால் மீட்டருக்குத் தெரிவது அதில் பாதி. மலிவு மீட்டர்கள் மின்கடத்தலை 0.5-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன, அது சோடியம் குளோரைடுக்குப் பொருந்தும் கணக்கு. பைகார்பனேட் மின்சாரத்தை மந்தமாகக் கடத்துவதால் அதன் எடை குறைவாகவே பதிவாகும். நமக்கு வேண்டிய உப்பைத்தான் இந்தக் கருவி குறைத்துக் காட்டுகிறது.

படிகாரம் போட்டதில் பிஎச் 5-க்குக் கீழே விழும். அலுமினியம் நீரிலிருந்து ஹைட்ராக்சைடைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். 100 மில்லிகிராம் படிகாரம் விழுங்கும் அல்கலினிட்டி 32 மில்லிகிராம். இந்த நீரில் இருப்பதே 15. சுத்திகரிப்பு நிலையங்களில் ஆலம் என்று போடும் அலுமினியம் சல்பேட்டுக்கு இன்னும் பசி அதிகம்: 1 மில்லிகிராமுக்கு 0.5 மில்லிகிராம் அல்கலினிட்டி. மழைக்காலத்தில் ஏரி நீரின் அல்கலினிட்டி 30-க்கு இறங்கியிருக்கும்போது, கலங்கலைப் பார்த்து 40 மில்லிகிராம் ஆலம் போட்டால் மிஞ்சுவது 10. அதனால்தான் அந்த நாட்களில் ஆலத்தோடு சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிறார்கள்.

கடல்நீரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, பிஎச் 8.1 அளவில். ஆனால் அதன் அல்கலினிட்டி 115–120 மட்டுமே. நம் போர் தண்ணீரில் உப்பு முப்பதில் ஒரு பங்கு, அல்கலினிட்டியோ இரண்டரை மடங்கு. அவ்வளவு செறிவான உப்பு வேறு ஒரு வேலையும் செய்கிறது. அயனிகளின் நெரிசலில் மேலே சொன்ன சூத்திரத்தின் 6.3 என்ற எண் 5.85-ஐ ஒட்டி இறங்கிவிடும். அமிலத்தில் நேரடியாகப் பங்கெடுக்காத உப்பும் மிகுந்த செறிவில் சமநிலையை நகர்த்தும் என்பதற்கு இது சான்று. குடிநீரில் இந்த நகர்வு சில நூறில் ஒரு பங்குதான், கண்டுகொள்ளாமல் விடலாம்.

வாயுதானா என்று எப்படி உறுதி செய்வது

மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்ப் ஒன்று போதும். மெம்பரேன் நீரில் அரை லிட்டர் எடுத்து உடனே பிஎச் பார்க்கவும். பிறகு 20 நிமிடம் குமிழி விட்டு மறுபடி பார்க்கவும். வெளிக்காற்றோடு சமநிலைக்கு வந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு 0.0125 மில்லிமோல்தான் தங்கும், லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவு. அல்கலினிட்டி 15 உள்ள நீர் 7.7 வரை ஏற வேண்டும். டிடிஎஸ் அப்படியே இருக்கும், ஏனென்றால் எந்த உப்பையும் நாம் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

7.5-ஐத் தாண்டினால் காரணம் வாயுதான், மேற்கொண்டு தேட வேண்டாம். 7 பக்கம் நின்றுவிட்டால் அல்கலினிட்டி 5-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. குமிழி விட்டும் 5-க்குக் கீழேயே கிடந்தால் அது கார்பன் டை ஆக்சைடின் வேலை இல்லை. உண்மையான அமிலம் எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் மெம்பரேனைக் கழுவிய சிட்ரிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ முழுசாக அலசப்படாமல் நின்றிருக்கும். அப்படியானால் பிளான்ட்டை ஓடவிட்டு, இரு பக்க நீரையும் சாக்கடைக்கு விட்டு அலச வேண்டும்.

எண்ணாகவே வேண்டும் என்றால் இரண்டு டைட்ரேஷன், அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. அல்கலினிட்டிக்கு 100 மில்லி மாதிரி, 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம், புரோமோகிரெசால் கிரீன் நிறங்காட்டி. 1 மில்லி அமிலம் 10 மில்லிகிராம் அல்கலினிட்டிக்குச் சமம். ஆர்.ஓ. நீரில் ஒன்றரை மில்லியிலேயே முடிந்துவிடுவதால், ஒரு சொட்டு கூடினாலும் பிழை பெரிதாகிவிடும். 200 மில்லி எடுத்துக்கொண்டு பாதியாகக் கணக்கிடுவது நல்லது. முடிவுப் புள்ளியையும் 4.5-இல் வைக்காமல் 4.9-இல் வைக்க வேண்டும். உப்பு குறைந்து நீர் மெலிந்திருந்தால் அந்தப் புள்ளி கூடுதல் பிஎச்சிலேயே வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு 100 மில்லி மாதிரி, 0.0227 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, பினால்ப்தலீன். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிந்தது. 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் வாயு. நம் நீர் 2.1 மில்லி குடிக்கும்.

அளவீட்டில் நடக்கும் குளறுபடிகள்

இந்தப் பிரச்சினையில் பாதிச் சண்டை அளவீட்டால் வருவது. மூல நீரை பாட்டிலில் அரைகுறையாகப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். போய்ச் சேர்வதற்குள் வாயு கிளம்பிவிடும். குழாயடியில் 7.4 இருந்த நீர் அறிக்கையில் 8.0 என்று வரும். அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் வாயு 0.12 மில்லிமோல் என்று, உள்ளதில் கால்வாசியாகத் தெரியும். 8.0 உள்ள தண்ணீர் ஆர்.ஓ.வில் 6.1 ஆனது எப்படி என்று யாருக்கும் புரியாமல் போவது இதனால்தான். குழாயிலிருந்து ஒரு டியூபைப் பாட்டிலின் அடிவரை இறக்கி, வழிய வழிய விட்டு, காற்று இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பிஎச்சை அங்கேயே பார்த்துவிடுவது அதைவிட மேல்.

பிஎச் பேனாவுக்கும் மெலிந்த நீர் ஆகாது. எலக்ட்ரோடின் உள்ளிருக்கும் கரைசலுக்கும் வெளி நீருக்கும் இடையே மின்தொடர்பு நிலைக்க அயனிகள் வேண்டும். மின்கடத்தல் 100 மைக்ரோசீமன்ஸ் அளவே உள்ள நீரில் எண் ஊசலாடிக்கொண்டே இருக்கும். கலக்கினால் ஒன்று, நிறுத்தினால் ஒன்று. முதலில் வரும் எண்ணை நம்பாமல் 3 முதல் 5 நிமிடம் பொறுக்க வேண்டும். 100 மில்லி மாதிரியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு 0.3 மில்லி சேர்த்தால் எண் சீக்கிரம் நிலைக்கும். நடுநிலை உப்பு பிஎச்சைத் தொடாது என்று மேலே பார்த்தது இங்கே நமக்கே கை கொடுக்கிறது. பேனாவோடு வரும் 6.86, 4.01 பொடிகளைக் கரைக்கவும் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். போர் தண்ணீரில் கரைத்துவிட்டு மீட்டரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்று, காலையில் பிளான்ட்டைப் போட்டதும் வரும் நீர். இரவு முழுக்க நின்றிருக்கும்போது உப்பு மெம்பரேன் வழியே மெல்லக் கசிந்து நல்ல பக்கத்துக்கு வந்துவிடும். முதல் சில லிட்டரில் டிடிஎஸ்ஸும் கூடும், பைகார்பனேட் கூடியதால் பிஎச்சும் கூடும். 15 நிமிடம் ஓடவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

கெடுதல் எங்கே

பிஎச் 6.1 உள்ள நீரைக் குடிப்பதால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. மோர் இதைவிடப் புளிப்பு. உலக சுகாதார நிறுவனம் பிஎச்சுக்கென்று உடல்நல அடிப்படையில் வரம்பே வைக்கவில்லை. ‘அல்கலைன் வாட்டர்’ விற்பவர்கள் சொல்லும் கதைகளை வயிற்றில் சுரக்கும் அமிலத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் போதும். கவலை குழாயில் இருக்கிறது.

கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கும் நீரா, கரைக்கும் நீரா என்று சொல்ல 1936-இல் லாஞ்ஜலியர் என்ற நீர் வேதியியலாளர் ஒரு குறியீடு கொடுத்தார்: கூட்டல் என்றால் படியவைக்கும், கழித்தல் என்றால் கரைக்கும். மூல நீருக்கு அது கிட்டத்தட்ட +0.5, அதாவது ஹீட்டரிலும் ஷவரிலும் வெள்ளைப் படிவு. மெம்பரேன் நீருக்கு –3.5. சிமென்ட் தொட்டியின் சுண்ணாம்பு, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் துத்தநாகம், பித்தளையின் துத்தநாகமும் தாமிரமும், எல்லாவற்றையும் அரிக்கும் நீர். குழாய்க்குள் இரவெல்லாம் நின்ற முதல் டம்ளரில் உலோக வாடை வருவது இதனால்தான். தாமிரத்துக்கு ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு 0.05, வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம். ஆர்.ஓ. நீரைச் செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் ஒருமுறை தாமிரம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

குமிழி விட்டு 7.7 ஆக்கிய நீரின் நிலை என்ன? தரநிலைப்படி தேறிவிட்டது. லாஞ்ஜலியர் குறியீடு ஆனால் –1.9. பித்தளைக்குக் கொஞ்சம் நிம்மதி. சிமென்ட் தொட்டியை இன்னும் அரிக்கத்தான் செய்யும். பிஎச் ஒன்றை மட்டும் தூக்கி நிறுத்தினால் போதாது, கால்சியமும் பைகார்பனேட்டும் நீருக்குள் வந்தாக வேண்டும்.

சரிசெய்யும் வழிகள்

டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பது மெம்பரேனைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சின்ன வால்வு. 10 சதவீதம் மூல நீர் கலந்தால் பைகார்பனேட் 0.87 மில்லிமோல், வாயு அதே 0.48. பிஎச் 6.6. 20 சதவீதம் கலந்தால் 6.8. வேலை செய்கிறது. ஆனால் மூல நீரில் நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ இருந்தால் அதுவும் அதே விகிதத்தில் திரும்பி வரும். எதைத் தள்ள ஆர்.ஓ. வாங்கினோமோ அதையே உள்ளே விடுகிற வழி. மூல நீரின் முழு அறிக்கை கையில் இல்லாமல் அந்தத் திருகைத் தொடக் கூடாது.

சோடா வகைகளில் எதைப் போடுவது என்பதில் நிறையக் குழப்பம். பிஎச் 7.0-க்குக் கொண்டுவர 1000 லிட்டருக்குச் சமையல் சோடா 164 கிராம் வேண்டும். சோடியம் மட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் கூடிவிடும். உணவுத் தரச் சோடியம் கார்பனேட் என்றால் 31 கிராம் போதும். சமையல் சோடா பைகார்பனேட்டை மட்டும் கூட்டுகிறது, வாயுவைத் தொடுவதில்லை. கார்பனேட் வாயுவையே பிடித்து இரண்டு பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஆனால் அது கையை மீறும் பொருள்: 51 கிராமில் வாயு முழுக்கத் தீர்ந்து பிஎச் 8.3-ஐத் தொடும், அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் மளமளவென்று ஏறும். டோசிங் பம்ப் இல்லாமல், தொட்டியில் கரண்டிக் கணக்கில் போடும் இடத்தில் சமையல் சோடாவே பாதுகாப்பு.

நம் பிளான்ட்டுக்கு ஏற்றது கால்சைட் படுகை. சுண்ணாம்புக் கல்லின் தூய வடிவமான கால்சைட் மணிகள் வழியே நீர் போகும்போது, வாயுவே கல்லைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட் ஆகிவிடும். நமக்குத் தொல்லை கொடுத்த அமிலமே மருந்தைத் தயாரிக்கிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் கல் கரைந்தால் பைகார்பனேட் 1.1 மில்லிமோல், வாயு 0.08, பிஎச் 7.5, லாஞ்ஜலியர் குறியீடு –0.6. டிடிஎஸ் மீட்டரில் 40 சொச்சம் கூடி 90-ஐத் தொடும். இதைச் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிட்டு ‘டிடிஎஸ் ஏறிவிட்டது, மெம்பரேன் போச்சு’ என்று போன் வரும்; முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

தானாகவே ஒரு எல்லையில் நிற்பது இதன் சிறப்பு. நீர் கால்சைட்டோடு எவ்வளவு நேரம் கிடந்தாலும் பிஎச் 8-ஐ ஒட்டிச் சமநிலைக்கு வந்து கரைவது நின்றுவிடும். மக்னீசியம் ஆக்சைடு கலந்த மணிகளுக்கு இந்த அடக்கம் கிடையாது. இரவு நின்ற நீரில் பிஎச் 9, 10 என்று போகும்.

அளவு: மணிக்கு 250 லிட்டர் ஓட்டத்துக்கு 8 நிமிடத் தொடுநேரம் என்றால் 33 லிட்டர் படுகை, 48 கிலோ மணிகள். 10 அங்குல விட்டமும் 54 அங்குல உயரமும் உள்ள எஃப்ஆர்பி (கண்ணாடியிழை) வெசலில் இது 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். மணி 1 முதல் 3 மில்லிமீட்டர். குடிநீர்த் தரம், 98 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். மார்பிள் பட்டறையில் கிடைக்கும் ஜல்லியைப் போடும் ஆசை வரும். அதில் டோலமைட் (மக்னீசியம் சேர்ந்த கார்பனேட் கல்) கலந்திருந்தால் மந்தமாகத்தான் கரையும், வேறு என்னென்ன இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நாளுக்குக் கரைவது 40 கிராம், ஆண்டுக்கு 15 கிலோ. படுகை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதும், ஏறத்தாழ 8 மாதத்துக்கு ஒருமுறை, 10 கிலோ மேலே போட்டால் போதும்.

வீட்டு ஆர்.ஓ.வில் வரும் மினரல் கார்ட்ரிட்ஜ் இதே தத்துவம்தான், ஆனால் அளவு போதாது. 150 மில்லி மணிகள், நிமிடத்துக்கு 200 மில்லி ஓட்டம்: தொடுநேரம் 45 நொடி. புதிதில் பிஎச் கொஞ்சம் ஏறும். மணிகள் தேய்ந்து ஓரமாக வழி விழுந்ததும் நீர் அந்த வழியாகவே ஓடிவிடும்.

வெசலை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெம்பரேனின் நன்னீர்க் குழாயில் நேரடியாக மாட்டி, பின்னால் வால்வையும் போட்டுவிட்டால், பிளான்ட் நிற்கும் கணத்தில் நன்னீர்ப் பக்க அழுத்தம் மூல நீர்ப் பக்கத்தை மிஞ்சி, மெம்பரேன் தாள்களின் ஒட்டு பிரிந்துவிடும். நன்னீரை முதலில் ஒரு சிறிய மூடிய தொட்டிக்கு விட்டு, அங்கிருந்து பம்ப் மூலம் கால்சைட் வழியாக மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அந்தத் தொட்டிக்குக் காற்றுப்போக்கி ஒன்று இருந்தால் போதும். நீர் மேலிருந்து கொட்டாமல், குழாய் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். கொட்டினால் வாயு போய்விடும். வாயு போன நீர் கல்லைப் பெரிதாகக் கரைக்காது. இதே காரணத்தால், குமிழி விடுவதானால் கால்சைட்டுக்குப் பிறகுதான். இரண்டும் நல்லதுதானே என்று முன்னால் குமிழி விட்டுப் பின்னால் கால்சைட் வைத்த இடங்களில் மணி அதிகம் தேயாது, நீரின் அல்கலினிட்டியும் 15-ஐ அதிகம் தாண்டாது.

கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கும் ஆலைகளுக்கு இந்த இலவச வாயு கிடைப்பதில்லை. மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013, விரிவாக்கம் 2024) உள்ளே எடுப்பது கடல்நீர். பிஎச் 8.1 உள்ள அந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே. மெம்பரேனைத் தாண்டிய நீரில் அமிலமும் சொற்பம், அதை அடக்கும் உப்பும் சொற்பம். சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடை விலைக்கு வாங்கிச் செலுத்த வேண்டும். கடல்நீர்க் குடிநீரைப் பெரிதும் நம்பியிருக்கும் இஸ்ரேலில், ஆலையை விட்டு வெளியேறும் நீரில் கால்சியம் 80–120, அல்கலினிட்டி 80-க்கு மேல் (இரண்டும் கால்சியம் கார்பனேட்டாக) இருக்க வேண்டும் என்று விதியே உண்டு.

மெம்பரேனுக்கு முன்னால் அமிலம் விடும் பழைய வழக்கம் இன்னும் சில பிளான்ட்டுகளில் இருக்கிறது. படிவைத் தடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு மூல நீரை 6.5-க்கு இறக்குவார்கள். பைகார்பனேட்டில் மூன்றில் ஒரு பங்கு வாயுவாக மாறி, வாயு 2.5 மில்லிமோல் ஆகிவிடும். லிட்டருக்கு 110 மில்லிகிராம். அது முழுக்க மெம்பரேனைத் தாண்டும். பைகார்பனேட் 0.2 மட்டுமே கூட வரும். நன்னீரின் பிஎச் 5.2. அந்த அமில டப்பாவை எடுத்துவிட்டு படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து வைத்தாலே பிஎச் 6-க்குத் திரும்பிவிடும். பிறகுதான் கால்சைட் கணக்கு. இல்லாவிட்டால் நாளுக்கு 40 கிராம் என்று போட்ட கல் சில மாதங்களிலேயே தீர்ந்துபோகும். சாஃப்ட்னர் வைத்தால் சரியாகுமா என்றும் கேட்பார்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும், பைகார்பனேட்டையும் வாயுவையும் தொடாது. மெம்பரேனுக்கு நல்லது, பிஎச்சுக்கு ஒன்றும் இல்லை.

புதுப் படுகையை ஓட்டத் தொடங்கும்போது முதலில் வரும் நீர் சுண்ணாம்புத் தூளால் பால் போல இருக்கும். தெளியும்வரை, படுகையின் கொள்ளளவைப் போல் பத்து மடங்காவது வெளியே விட வேண்டும். கிருமி கொல்லும் யுவி விளக்கு இருந்தால் அது கால்சைட்டுக்குப் பின்னால்தான் வர வேண்டும், அதற்கு முன் 5 மைக்ரான் ஃபில்டர் ஒன்று. முதல் வாரம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை, வெசலுக்கு முன்னும் பின்னும் பிஎச்சும் அல்கலினிட்டியும் எழுதிவைக்க வேண்டும். பின்னால் உள்ள அல்கலினிட்டி 50-லிருந்து 35-க்கு இறங்கினால் மணி குறைந்திருக்கும், அல்லது படுகைக்குள் நீர் தனி வழி பிடித்திருக்கும். திறந்து பார்த்து மணி குறையவில்லை என்றால் நீரை எதிர்த்திசையில் விட்டு பேக்வாஷ் செய்து படுகையைக் குலைத்துவிட்டாலே போதும்.